வீடியோ எடுக்கறது, கேப்சர் பண்றது, எடிட் பண்றது: நம்ம பார்டர் பக்கத்து பசங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம்னு பார்டருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் கல்யாணம், சீரு, கும்பாபிஷேகம், கேரளா பக்கத்து கோவில் திருவிழாவான வேலான்னு கேமரா தூக்கிட்டு போற பசங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க. எல்லாருக்கும் கேமரா ஓட்டத் தெரியுது, ஆனா மெனுவுக்குள்ள போனா கோடெக், பிட்ரேட், 4:2:2ன்னு வருது, அத யாரும் உக்கார வெச்சு சொல்லித் தர்றதில்ல. அதனால ஆளாளுக்கு கேட்டத ஒரே எடத்துல போட்டுட்டேன். வரிசையா படிக்கோணும்னு இல்ல, வேணுங்கறத மட்டும் பாத்துக்குங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், பாதி பதில்ல நான் ஷூட் நேரத்து செட்டிங் பத்தித்தான் திரும்பத் திரும்ப பேசுவேன், ஏன்னா கேமராவுல பதியாதத எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது. எடிட்ல பாத்துக்கலாம்னு சொல்றவங்க பெரும்பாலும் எடிட் பண்ண உக்காராதவங்க.

அண்ணா, 1080பின்னா என்ன, 4கேன்னா என்ன? எல்லாத்தையும் 4கேலயே எடுத்துடலாமா?

1080பின்னா படம் அகலத்துல 1920 புள்ளி, உயரத்துல 1080 புள்ளி. அந்தப் புள்ளிதான் பிக்சல். நம்ம கேமராவுல 4கேன்னு இருக்கறது 3840க்கு 2160, ரெண்டு பக்கமும் டபுள், அப்ப மொத்தத்துல நாலு மடங்கு. 20 லட்சத்துச் சொச்சமா இருந்தது 83 லட்சம் கிட்ட போயிடுது. சினிமாக்காரங்க சொல்ற 4கே 4096 அகலம், அது வேற, நமக்கு தேவப்படாது.

4கேல உண்மையான லாபம் என்னன்னா, ஃபைனல் 1080ல குடுக்கறதா இருந்தா எடிட்ல டபுள் வரைக்கும் ஜூம் பண்ணி ஃப்ரேம மாத்திக்கலாம், படம் உடையாது. ஒத்தக் கேமராவுல நிச்சயதார்த்தம் எடுக்கறவங்களுக்கு அது பெரிய உதவி, ஒரே ஷாட்டுல வைடும் கெடைக்கும் க்ளோஸும் கெடைக்கும். ஆனா லேப்டாப் பழசு, ஹார்ட் டிஸ்க் சின்னது, கஸ்டமர் கேக்கறதும் பென்டிரைவ்ல 1080தான்னா முகூர்த்தம் மட்டும் 4கே, பந்தியும் மொய்யும் 1080ன்னு பிரிச்சுக்குங்க. கெட்ட லைட்ல எடுத்த 4கேய விட நல்ல லைட்ல எடுத்த 1080 நல்லாருக்கும், இதுக்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

24, 25, 30, 50, 60ன்னு இத்தன ஃப்ரேம் ரேட் எதுக்குங்க? நாம எத வெக்கறது?

செகண்டுக்கு எத்தன படம் பதியுதோ அதான் ஃப்ரேம் ரேட், எஃப்பிஎஸ்னு போட்டிருக்கும். 24 சினிமாவோடது. 25 நம்ம நாட்டு டிவியோடது, இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1982ல கலர் டிவி வந்தப்ப பிஏஎல்ங்கற முறைய எடுத்தாங்க, அதுல செகண்டுக்கு 25 படம். அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அங்க என்டிஎஸ்சி, 30, கரெக்டா சொன்னா 29.97. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரர் கொண்டாந்து குடுத்த கேமரான்னா மெனுவுல மொதல்ல இத பாருங்க, என்டிஎஸ்சில நின்னுட்டு இருக்கும்.

நம்ம வேலைக்கு 25 வெச்சுக்குங்க, ஸ்லோமோஷன் வேணுங்கற எடத்துல 50 இல்லாட்டி 100. டைம்லைன்னா எடிட் சாஃப்ட்வேர்ல ஷாட்ட வரிசையா அடுக்கற எடம், அந்த 25 டைம்லைன்ல 50 போட்டா பாதி வேகம், 100 போட்டா கால் வேகம், கணக்கு சுத்தமா வரும். தப்பு எங்க வருதுன்னா, ஒருத்தர் 25ல எடுப்பாரு, கூட வந்த பையன் 30ல எடுப்பான், ரெண்டையும் ஒரே டைம்லைன்ல போட்டதும் அந்த 30ல ஆறு படத்துக்கு ஒண்ண சாஃப்ட்வேர் தூக்கி எறிஞ்சிரும், நின்ன ஷாட்டுல தெரியாது, கேமரா திருப்பின ஷாட்டுல ஜெர்க் அடிக்கும். ஐஃபோன் வெச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல கேமராவுக்குள்ள போயி ரெக்கார்ட் வீடியோவுல பிஏஎல் ஃபார்மேட்ஸ காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கு, அத ஆன் பண்ணினாத்தான் 25 கண்ணுக்கே தெரியும்.

மண்டபத்துல வீடியோ எடுத்தா படத்துல பட்ட பட்டையா இருட்டு ஓடுது, கேமரா போயிடுச்சா?

கேமரா நல்லாத்தான் இருக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால ட்யூப் லைட்டு, சீப்பான எல்ஈடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவ மினுக்குது, கண்ணுக்கு தெரியாது, கேமராவுக்கு தெரியும். இங்கதான் ஷட்டர் ஸ்பீடு வருது. ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குதுங்கறதுதான் ஷட்டர். 1/50 இல்லன்னா 1/100 வெச்சீங்கன்னா ஒவ்வொரு படத்துக்கும் முழு மினுக்கல் உள்ள வந்துரும், பட்ட வராது. 1/60, 1/125ன்னு வெச்சாத்தான் தகராறு. 60 எஃப்பிஎஸ்ல எடுத்தே ஆகோணும்னா 1/120ய விட்டுட்டு 1/100 வைங்க, பெரும்பாலும் அடங்கிரும்.

பொதுவா ஃப்ரேம் ரேட்டுக்கு டபுளா ஷட்டர் வைங்கன்னு சொல்லுவாங்க, 25க்கு 1/50, 50க்கு 1/100. அசைவு இயல்பா தெரியறதுக்காக சொல்றது அது, நம்ம ஊர் கரண்டுக்கும் அதே நம்பர் ஒத்துப் போறது நமக்கு அதிர்ஷ்டம். பகல்ல வெளிய 1/50 வெச்சா படம் வெளுத்துப் போகும், அப்ப ஷட்டர ஏத்தாம லென்ஸ் முன்னாடி என்டி ஃபில்டர் மாட்டுங்க, அது கருப்புக் கண்ணாடிதான், வெளிச்சத்த மட்டும் கொறைக்கும்.

ஸ்டேஜ்ல எல்ஈடி வால் வெக்கறது இப்ப ஃபேஷன் ஆயிருச்சு, அதோட மினுக்கல் வேகம் வேற, கரண்டோட சேராது. சில கேமராவுல க்ளியர் ஸ்கேன்னோ வேரியபிள் ஷட்டர்னோ இருக்கும், கொஞ்சங்கொஞ்சமா திருகி பட்ட நிக்கற எடத்துல விடோணும். முகூர்த்தத்துக்கு முன்னாடியே செஞ்சு பாத்துருங்க, ஐயர் கெட்டிமேளம் சொன்னப்புறம் மெனு தேடாதீங்க.

தாலி கட்டற நேரத்துல படத்துல பாதி மட்டும் வெள்ளையா ஃப்ளாஷ் அடிக்குதே?

ஃபோட்டோகிராஃபரோட ஃப்ளாஷ்தான். நம்ம கேமரா சென்சார் மொத்தப் படத்தையும் ஒரே நேரத்துல எடுக்கறதில்ல, மேல இருந்து கீழ வரி வரியா படிச்சுட்டு வருது, ரோலிங் ஷட்டர்னு பேரு. ஃப்ளாஷ் அதவிட வேகமா அடிச்சு முடிஞ்சிருது, அதனால அப்ப படிச்ச வரி மட்டும் வெளுக்குது. ஓடற பஸ்ல இருந்து எடுத்தா போஸ்ட் மரம் சாஞ்சு தெரியறதும் இதே காரணந்தான். மொத்தப் படத்தையும் ஒரே நேரத்துல எடுக்கற க்ளோபல் ஷட்டர் கேமராவுல இது வராது, ஆனா வெல ஜாஸ்தி. எடிட்ல அந்த ஒரு ஃப்ரேம வெட்டி பக்கத்து ஃப்ரேம நீட்டி விட்டுருங்க, ஒருத்தருக்கும் தெரியாது.

ஃபைல் எம்பி4ன்னு இருக்கு, ஆனாலும் ஓட மாட்டேங்குது. எம்பி4ன்னா எல்லாத்துலயும் ஓடும்னாங்களே?

இதுதான் எல்லாரையும் கொழப்பற எடம், கொஞ்சம் நிதானமா படிங்க. எம்பி4, எம்ஓவி, ஏவிஐ, எம்கேவி எல்லாம் கன்டெய்னர். உள்ள இருக்கற படத்த எந்த முறையில அமுக்கியிருக்குங்கறதுதான் கோடெக்: ஹெச்.264, ஹெச்.265, ப்ரோரெஸ் மாதிரி. முதலமடை மாங்கா பெட்டிய பாத்திருப்பீங்க, வெளிய ஒரே அட்டப்பெட்டி, உள்ள அல்போன்சாவும் இருக்கும் பங்கனபள்ளியும் இருக்கும், பெட்டிய பாத்து ருசி சொல்ல முடியாது. ஒரே எம்பி4க்குள்ள ஹெச்.264ம் இருக்கலாம், ஹெச்.265ம் இருக்கலாம். டிவியோ பழைய லேப்டாப்போ ஓட்ட முடியலன்னா அதுக்கு உள்ள இருக்கற கோடெக் தெரியலன்னு அர்த்தம். பேர மாத்தி .எம்பி4ன்னு எழுதினா உள்ள ஒண்ணும் மாறாது.

ஹெச்.264 2003ல வந்தது, அனேகமா எல்லா டிவி, ஃபோன், லேப்டாப்லயும் ஓடும். ஹெச்.265 2013ல வந்தது, ஹெச்ஈவிசின்னும் சொல்லுவாங்க, அதே க்வாலிட்டிய கிட்டத்தட்ட பாதி சைஸ்ல குடுக்கும், ஆனா அமுக்கினத விரிக்க கம்ப்யூட்டருக்கு வேல ஜாஸ்தி. ப்ரோரெஸ் எடிட்டுக்குன்னே இருக்கறது, சைஸ் பெருசு, ஆனா டைம்லைன்ல லேசா ஓடும். ஒரு ஃபைல்ல என்ன கோடெக், என்ன ஃப்ரேம் ரேட்னு பாக்க மீடியாஇன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அத மொதல்ல போட்டு வெச்சுக்குங்க, என்கிட்ட கேக்கற கேள்வியில பாதி அதுலயே முடிஞ்சிரும்.

பிட்ரேட்டுன்னா என்ன? ஒரு முகூர்த்தத்துக்கு எத்தன கார்டு வேணும்னு எப்படி கணக்கு போடறது?

செகண்டுக்கு எவ்வளவு டேட்டா எழுதுதோ அதான் பிட்ரேட். கேமரா மெகாபிட்ல சொல்லும், கார்டு மெகாபைட்ல இருக்கும், 8 மெகாபிட்டு ஒரு மெகாபைட். 100 எம்பிபிஎஸ்னு கேமராவுல இருந்தா எட்டால வகுத்துக்குங்க, செகண்டுக்கு 12.5 எம்பி. மணி நேரத்துக்கு 45 ஜிபி. அப்ப 64 ஜிபி கார்டுல 80 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, 128ல ரெண்டே முக்கால் மணி நேரம் வரும். 50 எம்பிபிஎஸ்னா நேரம் டபுள். ரிசப்ஷன், முகூர்த்தம், மறுவீடுன்னு மூணயும் எடுக்கறவங்க இந்தக் கணக்க வீட்லயே போட்டுட்டு போங்க.

ரெசல்யூஷன் ஒண்ணா இருந்தாலும் பிட்ரேட் கொறஞ்சா படம் கெடும். அதுவும் எங்க கெடும்னா, தண்ணி, பூத்தூவறது, கூட்டம், வெடிப்பொக, இந்த மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் மொத்தமா மாறற எடத்துல. நெம்மாற வல்லங்கி வேலாவுல ராத்திரி வெடிக்கெட்டு எடுத்தீங்கன்னா கேமராவுல இருக்கற அதிகபட்ச பிட்ரேட்ட வைங்க. கொறஞ்ச பிட்ரேட்ல எடுத்த வெடி பூரா கட்டம் கட்டமா தெரியும், அத அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது.

கார்டுல வி30, யூ3, 10ன்னு நம்பர் நம்பரா இருக்கே?

பெருசா 170, 200ன்னு அச்சடிச்சிருக்கறது பெரும்பாலும் படிக்கற வேகம், அத பாத்து ஏமாறாதீங்க. நமக்கு வேண்டியது எழுதற வேகம், நிக்காம எழுதற வேகம். வி30ன்னா செகண்டுக்கு கொறஞ்சது 30 எம்பி, வி60ன்னா 60, வி90ன்னா 90. யூ3யும் 30தான். க்ளாஸ் 10ன்னா 10 மட்டும். 100 எம்பிபிஎஸ்க்கு 12.5 போதும்னு மேல பாத்தோம், அதனால வி30 தாராளம். 400 எம்பிபிஎஸ் கேமரான்னா 50 எம்பி ஆகுது, வி60க்கு போகோணும்.

ஹெச்.265 ஃபைல டைம்லைன்ல போட்டா சிக்கிச் சிக்கி ஓடுது, லேப்டாப் மாத்தோணுமா?

மாத்தறதுக்கு முன்னாடி ப்ராக்ஸி போட்டுப் பாருங்க. ஹெச்.264, ஹெச்.265 ரெண்டுமே பொதுவா எல்லா ஃப்ரேமையும் முழுசா எழுதறதில்ல, ஒரு ஃப்ரேம முழுசா எழுதிட்டு அடுத்து வர்றதுல எது மாறிச்சோ அத மட்டும் எழுதும், லாங் ஜிஓபின்னு சொல்றது அதத்தான். நீங்க நடுவுல ஒரு எடத்துல கர்சர வெச்சா சாஃப்ட்வேர் பின்னாடி போயி முழு ஃப்ரேம தேடி அங்கிருந்து கணக்கு போட்டுட்டு வரோணும், அதான் சிக்குது. ப்ராக்ஸின்னா ஒவ்வொரு க்ளிப்புக்கும் சின்ன சைஸ்ல லேசான காப்பி ஒண்ணு, எடிட் முழுக்க அதுல பண்ணிட்டு எக்ஸ்போர்ட் அப்ப ஒரிஜினலுக்கு மாறிக்கும். டாவின்சி ரிசால்வ், ப்ரீமியர், எடியஸ் எல்லாத்துலயும் இருக்கு. ராத்திரி ப்ராக்ஸிய ஓட விட்டுட்டு படுத்தா காலைல ரெடி.

8 பிட், 10 பிட், 4:2:0, 4:2:2. இதெல்லாம் கண்ணுக்கு தெரியற விஷயமாங்க?

சும்மா பாத்தா தெரியாது. கலர் கரெக்‌ஷன்ல கைய வெச்சதும் தெரியும். 8 பிட்னா செவப்பு, பச்ச, நீலம் ஒவ்வொண்ணுலயும் 256 படி, 10 பிட்னா 1024. வானம், சுவரு மாதிரி மெதுவா நெறம் மாறற எடத்துல 8 பிட்ட இழுத்தா பட்ட பட்டையா பிரியும்.

அந்த 4:2:0 என்னன்னா, வெளிச்சத்த எல்லா பிக்சல்லயும் எழுதிட்டு நெறத்த நாலு பிக்சலுக்கு ஒண்ணுதான் எழுதறது, எடம் மிச்சம் பண்ண. 4:2:2ல ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணு. நம்மாளுங்க இத நேர்ல பாக்கோணும்னா அரக்கு செவப்பு கூறப்பட்டு கட்டின பொண்ண எடுத்த ஷாட்ட பெருசு பண்ணி சேலையோட ஓரத்த பாருங்க, பக்கத்துல மாப்பிள்ள வெள்ள வேட்டில நிப்பாரு, செவப்பும் வெள்ளையும் சேர்ற எடத்துல படி படியா கடிச்சு வெச்ச மாதிரி இருக்கும். செவப்புலதான் இது ரொம்ப தெரியும். அதோட செவப்பு சீக்கிரம் உச்சிக்கு போயிரும், மொத்தப் படம் சரியான வெளிச்சத்துல இருக்கும், செவப்பு மட்டும் மடிப்பே இல்லாம தட்டையா ஆயிரும், ஜரிக டிசைன் காணாம போயிரும். கால் ஸ்டாப்பு, அர ஸ்டாப்பு வெளிச்சத்த கொறச்சு எடுங்க (ஒரு ஸ்டாப்பு கொறச்சா வெளிச்சம் பாதி ஆகும்).

லாக்ங்கறது இதோட சேந்தது. வெளிச்சமும் இருட்டும் ரெண்டும் உள்ள அடங்கறதுக்காக கேமரா சப்புனு வெளுத்த மாதிரி பதியும், அப்பறம் எடிட்ல எல்யூடின்னு நெறத்த மாத்தற ஃபைல் ஒண்ணு போட்டு இயல்பு நெறத்துக்கு கொண்டு வரோணும். 10 பிட் இருந்தா தாராளமா எடுங்க. 8 பிட்ல லாக் எடுக்காதீங்க, அவ்ளோதான் என் அபிப்ராயம்.

கேரளா கல்யாணத்துல கசவு சேல ஒரு ஷாட்டுல மஞ்சளாவும் ஒரு ஷாட்டுல நீலமாவும் வருதே?

பார்டருக்கு அந்தப்பக்கம் போற எல்லாருக்கும் வர்ற பிரச்சன. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல இருக்கும். நிலவெளக்கு, மஞ்ச பல்பு, வெள்ள எல்ஈடி, ஜன்னல் வெயில்னு நாலு வெளிச்சம் கலந்து கெடக்கற எடத்துல ஆட்டோவுக்கு எது வெள்ளைன்னு தெரியாம ஆடும். மேனுவல்ல கெல்வின் நம்பர (வெளிச்சத்தோட நெறத்த சொல்ற நம்பர்) ஒரு எடத்துல நிறுத்துங்க, மஞ்ச பல்புக்கு 3200 கிட்ட, வெயிலுக்கு 5600 கிட்ட, கலந்திருந்தா முகத்துல விழுகற வெளிச்சத்த பாத்து நடுவுல ஒண்ணு. ரெண்டு கேமரா இருந்தா ரெண்டுலயும் ஒரே நம்பர்.

பல பேரு கசவு சேலையையே வெள்ளைன்னு நெனச்சு அத காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுப்பாங்க, பண்ணாதீங்க, அது வெள்ள இல்ல, பால்மஞ்ச. அத வெள்ளையாக்க கேமரா மொத்தப் படத்தையும் நீலத்துக்கு தள்ளிரும், பொண்ணு மூஞ்சி வெளிறிப் போகும். வெள்ளப் பேப்பரோ க்ரே கார்டோ பைல வெச்சுக்குங்க.

இன்னொண்ணு ஸீப்ரா. வெளுத்துப் போற எடத்துல கேமரா ஸ்கிரீன்ல கோடு கோடா காட்டும், ரெக்கார்டிங்ல வராது. 95லயோ 100லயோ வைங்க. சேல மேல கோடு ஓடுச்சுன்னா வெளிச்சத்த கொறங்க, மூஞ்சி கொஞ்சம் இருண்டாலும் எடிட்ல தூக்கலாம், வெளுத்துப் போன கசவுக் கரைய தூக்க முடியாது.

செண்ட மேளம் எடுத்தா சவுண்டு பொரிஞ்சு போகுது, இல்லாட்டி ஏறி ஏறி எறங்குது. என்ன பண்றது?

ஏறி எறங்கறது ஆட்டோ கெய்ன். ஒரு அடி விழுந்ததும் கேமரா பயந்து சத்தத்த கொறைக்கும், அடுத்த நொடி அமைதியான்னதும் ஏத்தும், கேக்கறதுக்கு மேளம் மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். மெனுவுல அத ஆஃப் பண்ணிட்டு மேனுவல்ல வைங்க. மீட்டர்ல அடி விழுகறப்ப முள்ளு மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கறாப்ல கொறச்சு வைங்க. மேளம் ஆரம்பத்துல மெதுவாத்தான் போகும், அத பாத்து லெவல் வெச்சா முடியற நேரத்துல எல்லாம் பொரிஞ்சிரும், உச்சக்கட்டத்துக்கு எடம் விட்டு வைங்க. சைபர தொட்டு பொரிஞ்ச சவுண்ட சரி பண்ண வழியில்ல, கொறச்சலா இருக்கறத தூக்கிக்கலாம். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தா லெவல் கவல கொறையும், ஆனா மைக்கே தாங்காத சத்தத்துக்கு அதுவும் ஒண்ணும் செய்யாது.

சாம்பிள் ரேட்டு 48 கிலோஹெர்ட்ஸ் வைங்க, வீடியோவுக்கு அதான். 44.1 பாட்டு சிடியோடது.

தூரத்துல நின்னு ஜூம் பண்ணி எடுக்கறவங்களுக்கு ஒரு விஷயம். சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சந்தான் போகும். 100 அடி தள்ளி நின்னீங்கன்னா கோலு செண்டைல விழுந்து ரெண்டு ஃப்ரேம் கழிச்சுத்தான் சத்தம் பதியும், க்ளோஸ் ஷாட்டுல அது நல்லாவே தெரியும், டைம்லைன்ல சவுண்ட ரெண்டு ஃப்ரேம் முன்னாடி இழுத்து விடுங்க. வெடிக்கெட்டுக்கு இழுக்க வேண்டாம், லேட்டா கேட்டாத்தான் வெடி தூரத்துல இருக்கற உணர்வு வரும்.

ஃபோன்ல எடுத்தது ஆரம்பத்துல சவுண்டோட சேந்திருக்கு, போகப் போக உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமா போயிடுது?

வேரியபிள் ஃப்ரேம் ரேட். ஃபோனு வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்த மாதிரி ஃப்ரேம் ரேட்ட தானா ஏத்தி எறக்கும், 30ன்னு சொல்லும், உள்ள 29ம் இருக்கும் 30ம் இருக்கும். சில எடிட் சாஃப்ட்வேருக்கு அது புரியாது. ஹேண்ட்பிரேக்குன்னு ஃப்ரீயா கெடைக்குது, அதுல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் செலக்ட் பண்ணி மாத்திட்டு டைம்லைன்ல போடுங்க. ஐஃபோன் ஷாட்டு மட்டும் கண்ணு கூசற மாதிரி பளிச்சுனு வந்தா ஹெச்டிஆர் ஆன்ல இருந்திருக்கு, அடுத்த தடவ ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

அப்பா அம்மா கல்யாண கேசட் இருக்கு, அத கம்ப்யூட்டர்ல ஏத்தோணும். எப்படிங்க?

கேப்சர்ங்கற வார்த்தையே இங்கிருந்து வந்ததுதான். இப்ப கார்டுல இருந்து காப்பி பண்றது வெறும் காப்பி. கேசட்ட ஓட விட்டு ஓடற நேரத்துலயே கம்ப்யூட்டர்ல பதியறது கேப்சர், மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரம் உக்காரோணும், குறுக்கு வழி கெடையாது.

மொதல்ல கேசட் எதுன்னு பாருங்க. பெருசா கருப்பா இருந்தா விஹெச்எஸ், அனலாக். உள்ளங்கைக்குள்ள அடங்கறது மினிடிவின்னா அது ஏற்கனவே டிஜிட்டல், ரெண்டுக்கும் வழி வேற.

விஹெச்எஸ்ஸுக்கு நல்ல டெக், அதாவது கேசட் ஓட்டற விசிஆர், கெடைக்கறதே கஷ்டம், கடைசியா பண்ணிட்டிருந்த ஃபுனாய் கம்பெனியே 2016ல நிறுத்திட்டாங்க. யார் வீட்டு பரண்லயாவது கெடந்தா டேப்ப படிக்கற ஹெட்ட சுத்தம் பண்ணி வாங்குங்க. கேசட்டோட ஜன்னல் வழியா டேப்ப வெளிச்சத்துல பாருங்க, ஓரத்துல வெள்ளையா பூத்திருந்தா பூஞ்ச, நம்ம பக்கத்து மழைக்கு இது சகஜம். அத அப்படியே போட்டா ஹெட்டுல ஒட்டி அடுத்து போடற நல்ல கேசட்டையும் கெடுக்கும், சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துட்டு அப்பறம் ஓட்டுங்க. பூஞ்ச இல்லன்னா ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓட விட்டு திரும்ப சுத்திட்டு கேப்சர் ஆரம்பிங்க. டெக்ல இருந்து மஞ்ச ஒயர் படத்துக்கு, செவப்பும் வெள்ளையும் சவுண்டுக்கு, யூஎஸ்பி கேப்சர் டிவைஸ்ல மாட்டுங்க. செட்டிங் 720க்கு 576, 25 ஃப்ரேம். 1080ன்னு வெக்காதீங்க, விஹெச்எஸ்ல குறுக்கால 240 கோடு அளவுக்குத்தான் வெவரமே இருக்கு, பெருசு பண்றதால புதுசா ஒண்ணும் வராது. நடுவுல ட்ராப்டு ஃப்ரேம்ஸ்னு நம்பர் ஏறிச்சுன்னா சிக்னல் ஆடுது, படம் தவறிப் போகுது, அந்த ஆட்டத்த சரி பண்ற டைம் பேஸ் கரெக்டர் இருக்கற டெக்கு கெடைச்சா அந்தத் தொல்ல கொறையும்.

பழைய வீடியோ இன்டர்லேஸ்டு. 1080பில இருக்கற பி புரோகிரசிவ், ஐன்னா இன்டர்லேஸ்டு. ஒரு ஃப்ரேம ரெண்டு ஃபீல்டா பிரிச்சு, ஒத்தப்பட வரிய ஒரு ஃபீல்டுலயும் ரெட்டப்பட வரிய இன்னொரு ஃபீல்டுலயும் 1/50 செகண்டு வித்தியாசத்துல எழுதியிருக்கும். பழைய ட்யூப் டிவிக்கு சரி, கம்ப்யூட்டர்ல பாத்தா யாராச்சும் கைய வீசினா ஓரம் கோடு கோடா கிழியும். டீஇன்டர்லேஸ் பண்ணோணும், பண்றப்ப 50 ஃப்ரேமா மாத்துனா அசைவு அப்படியே மிஞ்சும், 25ஆ மாத்துனா பாதி போயிரும். எந்த ஃபீல்டு முன்னாடிங்கறதும் முக்கியம், மினிடிவில கீழ் ஃபீல்டு முன்னாடி, ஹெச்டி இன்டர்லேஸ்டுல மேல் ஃபீல்டு முன்னாடி, மாத்தி வெச்சா நடக்கற ஆளு முன்னாடியும் பின்னாடியும் நடுங்கிட்டே நடப்பாரு.

மினிடிவிக்கு மஞ்ச ஒயரே வேண்டாம். கேமராவுல ஃபயர்வயர் இருக்கும், இங்கிலீஷ்ல DVன்னு எழுதின சின்ன ஓட்ட, அதுல இருந்து எடுத்தா டேப்ல இருக்கற டேட்டா அப்படியே வரும், ஒரு பிட்டு கொறையாது. யூஎஸ்பி ஓட்ட பெரும்பாலும் ஃபோட்டோவுக்குத்தான். இப்ப லேப்டாப்ல ஃபயர்வயர் இல்ல, பழைய டெஸ்க்டாப்புல கார்டு போட்டு பண்ணலாம். மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். ஏத்தினப்பறம் கேசட்ட தூக்கி எறியாதீங்க.

ஜே கட், எல் கட், பி ரோல், கீஃப்ரேம்னெல்லாம் சொல்றாங்களே?

ஜே கட்னா அடுத்த ஷாட்டோட சவுண்டு முன்னாடியே வந்துரும், படம் அப்பறம் வரும். பொண்ணு மேக்கப் போட்டுட்டு இருக்கா, அப்பவே நாதஸ்வரம் கேக்குது, அதுக்கப்பறம் மண்டபம் தெரியுது, அதான். எல் கட்டு நேரெதிர், படம் மாறின பின்னாடியும் பழைய சவுண்டு ஓடிட்டே இருக்கும், தாத்தா வாழ்த்து சொல்லிட்டு இருக்கறப்ப பேத்தி மொகத்த காட்டறது. அந்த பேத்தி மொகம், வாசல் கோலம், வாழ மரம், செருப்புக் குவியல் இதெல்லாம் பி ரோல், தைரியமா வெட்ட இதுதான் கை குடுக்கும், நெறைய எடுங்க. கீஃப்ரேம்னா இந்த நொடில இந்த சைஸ், அந்த நொடில அந்த சைஸ்னு ரெண்டு குறி வெச்சா நடுவுல சாஃப்ட்வேரே நகத்திக்கும். டிரான்சிஷன்ல இதயம் சுத்தறது, பக்கம் பொரள்றது எல்லாம் வேண்டாங்க, நேர் கட்டும் அங்கங்க ஒரு டிசால்வும் போதும்.

ரெண்டரும் எக்ஸ்போர்ட்டும் ஒண்ணா?

இல்ல. ரெண்டர்னா டைம்லைன் சிக்காம ஓட எஃபெக்ட்ட முன்கூட்டியே கணக்கு போட்டு வெக்கறது. எக்ஸ்போர்ட்னா வெளிய குடுக்கற ஃபைல். ரிசால்வ்ல எக்ஸ்போர்ட்டையே ரெண்டர்னு சொல்லுவான், பழகிக்குங்க.

பென்டிரைவ்ல குடுத்தா அவங்க டிவில ஓடலன்னு ஃபோன் வருது. வாட்ஸ்ஆப்ல அனுப்பினா மங்கிப் போகுது.

டிவிக்கு ஹெச்.264, 1080, எம்பி4, சவுண்டு ஏஏசி. பென்டிரைவ ஃபார்மேட் பண்றதுல எக்ஸ்ஃபேட், ஃபேட்32ன்னு முறைங்க இருக்கு, பழைய டிவிங்க பல எக்ஸ்ஃபேட்ட படிக்காது, ஃபேட்32 தான் படிக்கும், ஆனா அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. அதனால ரிசப்ஷன் தனி, முகூர்த்தம் தனின்னு 4 ஜிபிக்குள்ள வெட்டிக் குடுங்க, ஃபோன் வராது.

வாட்ஸ்ஆப்ல வீடியோவா அனுப்பினா அது தன் இஷ்டத்துக்கு அமுக்கும், டாக்குமென்ட்டா அனுப்பினா 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும். ஸ்டேட்டஸ், ரீல்ஸுக்கு 9:16, நட்டுக்குத்தலா, 1080க்கு 1920. படுக்க எடுத்தத நட்டுக்குத்தலா வெட்டறப்ப ரெண்டு பக்கமும் போயிரும், மாப்பிள்ளயும் பொண்ணும் தள்ளித் தள்ளி நின்னா ஒருத்தர்தான் மிஞ்சுவாங்க. ரீல்ஸ் வேணும்னு முன்னாடியே கேட்டுட்டா ஃபோன்ல தனியா எடுத்துருங்க. யூடியூப்ல ஏத்தறவங்க சினிமா பாட்ட போட்டா காப்பிரைட் க்ளெய்ம் வரும், அதுக்குன்னு தனியா பாட்டில்லாத எக்ஸ்போர்ட் ஒண்ணு வெச்சுக்குங்க.

கார்ட எப்ப அழிக்கலாம்?

ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஆகி, அதுல ஒண்ணு வேற எடத்துக்கு போனப்பறம். காப்பி ஆயிடுச்சுன்னு கம்ப்யூட்டர் சொன்னா போதாது, நாலஞ்சு ஃபைல தொறந்து நடுவுல ஓட விட்டுப் பாருங்க. அப்பறம் கேமராவுல வெச்சே ஃபார்மேட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல பண்ண வேண்டாம்.